படலையடியில் வைத்த கிழங்கு

காட்டோரத்தில் தன்பாட்டில் பூத்துக் கிடந்த ஒரு கொடியை ஊருக்குள் நஞ்சாகக் கொண்டுவந்தது யார்? எழுபதுகளின் கடைசியில் இந்தக் கேள்வி எனக்கு முன்னால் வந்து நின்றது. பதில் எனக்கு முதல் நாளே தெரியும்.

பட்டம் பெற்று, கல்முனையில் ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன். எங்கள் சிறுதெருவான ஒழுங்கையின் பெண்களுக்கு வாரம் ஒருமுறை வீட்டில் சுகாதார வகுப்பு நடத்தினேன். கார்த்திகைப்பூவின் கிழங்கு கொடிய நஞ்சு என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தே அறிய வேண்டுமென்று விரும்பினேன். வரிப்பத்தான்சேனையில் உறவினரின் வயலை ஒட்டிய பற்றைக்காட்டில் அந்தக் கொடியைக் கண்டேன். இலை நுனியைச் சுருட்டி ஒரு கிளையைப் பற்றியபடி ஏறியிருந்தது. மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் இதழ்களிடையே தேன்சிட்டொன்று வந்து போனது. கீழே மேய்ந்த எருமைகள் அதில் வாய் வைக்கவில்லை. அங்கே அதனால் யாருக்கும் கெடுதியில்லை. நான்தான் தோண்டினேன்.

பஸ்ஸால் இறங்கியபோது கிழங்குப் பை கனத்தது. ஒழுங்கை முகப்பில், கணவனை இழந்து பாய் இழைத்துப் பிழைத்த, நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்றழைத்தவரின் வாசல் படலையடியில் அதை இறக்கி வைத்தேன். பின்னேரம் வந்து எடுக்கலாமென்று போய்விட்டேன். நஞ்சைப் பற்றி வகுப்புக்குக் குறிப்பெழுதுவதிலேயே அன்றைய பொழுது கழிந்தது.

வாங்குபவர் கூசக்கூடாதென்று, கொடுப்பவர் பெயர் சொல்லாமல் படலையடியில் தர்மப்பொருளை ஸதகாவாக வைத்துவிட்டுப் போவது எங்கள் ஒழுங்கை வழக்கம். நெல்லோ தேங்காயோ இருக்கும். யார் வைத்ததென்று எவரும் விசாரிப்பதில்லை. ராத்தா அதைக் காட்டு வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றார். அவருடைய மகள் குர்ஆன் ஓதப் போயிருந்ததால் தப்பினாள்.

ஆஸ்பத்திரியில் அவர் ஓயாமல் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். மிச்சக் கிழங்கைப் பார்த்து டாக்டரிடம் அதன் பெயரைச் சொன்னவள் நான்தான். நல்ல வேளை, ஒழுங்கையில் படித்த பிள்ளையொன்று இருந்தது என்றார்கள். எங்கிருந்து வந்ததென்று என்னிடம் எவரும் கேட்கவில்லை. கேட்காததைச் சாட்டாக வைத்துக்கொண்டு நான் வாய் திறக்கவில்லை.

ராத்தா பிழைத்து வீடு திரும்பினார். இரண்டு கிழமைக்குப் பின் பார்க்கப் போனேன். கதவைச் சாத்திவிட்டு முக்காட்டை விலக்கிக் காட்டினார். தலையில் முடியே இல்லை. அந்த நஞ்சுக்கு அப்படியொரு குணம் உண்டென்று என் குறிப்பில் நானே எழுதியிருந்தேன்.

"ராத்தா, அந்தப் பைய வெச்சது நான்தான்" என்றேன்.

"ஸதகாவாவா புள்ள வெச்ச?"

"இல்ல. வகுப்புக்குக் கொண்டு வந்த. எடுக்க மறந்துட்டன்."

அவர் முக்காட்டை மறுபடி இழுத்துப் போட்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"ஆரோ தெரியாமத்தான் வெச்சிருப்பாங்க, அவங்களக் குத்தம் புடிச்சிராத எண்டு ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ளயும் அல்லாஹ்க்கிட்ட துஆக் கேட்டன்" என்றார். "நீ நஞ்செண்டு தெரிஞ்ச புள்ளயல்லவாகா."

அடுத்த வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் நடந்ததைச் சொன்னேன். என் மனப்பாரம் சற்று இறங்கியது. அதன் விலையை வேறொருவர் கொடுப்பாரென்று அப்போது யோசிக்கவில்லை. அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் எவரும் பெயர் சொல்லாமல் படலையடியில் எதையும் வைப்பதில்லை. கொடுப்பவர்கள் கூப்பிட்டு, முகம் காட்டிக் கொடுத்தார்கள். முகம் காட்டி வாங்க ராத்தா ஒருபோதும் வெளியே வரவில்லை.