கல் வேஷம் கட்டியவரின் குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்குப்போசி மேல் ஒரு கரித்துண்டு வைப்பார்கள் இல்லையா, நான் அந்தக் கரியை வாசலிலேயே வீசிவிட்டு வண்டியை எடுக்கிற ஆள். பாப்பிரெட்டிப்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், சத்தம் என்றால் அது ஏதாவது ஒயரில் இருந்துதான் வரும் என்பது இருபது வருடப் பிழைப்பு எனக்குச் சொன்னது. நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன், இதையே வேறு ஒருவர் சொல்லியிருந்தால் நானே பாதியில் எழுந்து போயிருப்பேன்.

எனக்கு ஒரே ஒரு கிறுக்கு, தெருக்கூத்துப் பதிவுகள். அதிலும் 'கல்லான ராஜகுமாரன்' என்று எங்கள் பக்கத்தில் ஆடுகிற ஒரு நாடகம். சூனியக்காரி ஒருத்தி ராஜகுமாரனைக் கல்லாக்கி விடுவாள், இளவரசி செங்கமலம் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பாடுவாள், கிழக்கு வெளுக்கிற நேரத்தில் கல்லுக்கு உயிர் வந்து அவள் பெயரைச் சொல்லிப் பாட்டெடுக்கும். அவ்வளவுதான் கதை, ஆனால் அந்த உயிர் வருகிற பாட்டுக்காக விடியும் வரை சனம் எழுந்திருக்காது.

அதில் ஒரு முறை உண்டு. கல் வேஷம் கட்டுகிறவர் அரிதாரம் பூசினதில் இருந்து அந்தப் பாட்டு வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. வாயை வெள்ளைத் துணியால் கட்டி, கம்பளி போர்த்தி உட்கார வைத்துவிடுவார்கள், ஒரு வாய் டீ கூடக் கிடையாது. துணியை அவிழ்த்ததும் வருகிற முதல் சொல் செங்கமலம் என்றுதான் இருக்க வேண்டும், வேறு சொல் வந்தால் ஊருக்கு ஆகாது என்பார்கள். இதையும் நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

என்னிடம் அந்த நாடகத்துக்கு மூன்று பதிவுகள் இருந்தன. முதலாவது நல்லம்பள்ளிப் பக்கத்துக் கூத்துச் செட்டு ஆடினது, பழைய கேசட்டில் இருந்து நான் ஏற்றியது. அதில் ராஜகுமாரன் உயிர் வந்த அடுத்த நொடியே சண்டைக்குப் போகிறவர் மாதிரி உச்சத்தில் பிடிப்பார், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. இரண்டாவதில் எங்கள் ஊர்ச் செட்டின் மாதப்பண்ணன். அவர் பாடினால் தூங்கி எழுந்தவர் தண்ணீர்ச் சொம்பைத் தடவித் தேடுகிற மாதிரி இருக்கும், முதல் அடியில் பாதிச் சொல்லில் மூச்சு நின்று, பிறகு மீதிச் சொல் வரும். கல்லாக இருந்தவன் அப்படித்தானே பாட முடியும்? இந்த நாடகத்தை அவரளவுக்குப் புரிந்து பாடினவர் யாரும் இல்லை, இதில் என்னோடு யார் வாதத்துக்கு வந்தாலும் விடமாட்டேன்.

அந்த மனிதருக்குத்தான் தொண்டையில் புற்று வந்தது. நாலு வருடம் முன்பு சேலத்தில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டும் பேனாவும் வைத்திருப்பார், வேண்டியதை எழுதிக் காட்டுவார். இந்த வருடம் செட்டை நடத்துகிற வாத்தியார் அவரைக் கூப்பிட்டுக் கல் வேஷம் கொடுத்தார். விடிய விடியப் பேசாமல் உட்கார்ந்தால் போதும், கடைசிப் பாட்டைப் படுதாவுக்குப் பின்னால் இருந்து விக்னேஷ் என்கிற பையன் பாடுவான், அண்ணன் வாயசைத்தால் போதும் என்று ஏற்பாடு. வாத்தியார் நல்ல மனதோடுதான் கொடுத்தார், ஆனால் அண்ணன் சம்சாரம் காவேரிக்கு ஆறவில்லை, வாயில்லாத மனுசனுக்கு எதற்கு வாய்க்கட்டு என்று கேட்டாளாம். அந்தக் கூத்தை நானே ரெக்கார்டரில் பதிந்தேன். அதுதான் மூன்றாவது.

கூத்து முடிந்து பத்து நாள் இருக்கும், காவேரி கடைக்கு வந்தாள். அண்ணன் ரோட்டில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பழைய பதிவில் இருந்து அவர் பாடினதை மட்டும் வெட்டி போனில் போட்டுத் தரச் சொன்னாள். எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டேன்.

"பாட்டுக்கு ஆசப்பட்டுக் கேக்கலீங்ணா. அவரு கொரலு எனக்கு மறந்துட்டே வருது. நெனச்சுப் பாத்தா வேற யாரோ பேசற மாரி இருக்குதுங்க."

அதைச் சொல்லிவிட்டு ரோட்டில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கே தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், கடையில் யாரும் இல்லை. இரண்டாவதை வெட்டிக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும், நான்தான் சும்மா இருக்க மாட்டேனே, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். முதலாவது கேட்டேன், இரண்டாவது கேட்டேன். மூன்றாவதில் உயிர் வருகிற பாட்டு ஆரம்பித்தது, பாதிச் சொல்லில் மூச்சு நின்றது, பிறகு மீதிச் சொல் வந்தது. மாதப்பண்ணன் குரல்.

ஃபைல் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன், நீங்களும் அதைத்தானே நினைப்பீர்கள்? நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன். பாட்டுக்கு முன்னால், வழியில் நிற்கிற வெள்ளை ஆட்டோவை எடுக்கச் சொல்லி மைக்கில் சொல்கிறார்கள், அது இந்த வருடம் நடந்தது, என் காதால் கேட்டேன். அன்றைக்குப் பலூனுக்கு அழுத குழந்தை பாட்டிலும் அழுகிறது. அதே மிருதங்கம், அதே ஜெனரேட்டர் இரைச்சல், நடுவில் அவர் குரல். விக்னேஷுக்கு அனுப்பினேன், அவன் உடனே கூப்பிட்டு, இது நான் இல்லைண்ணா, நான் பாடினது எங்கே போச்சு என்று என்னையே கேட்டான். அன்றைக்குப் பாடினவன் அவன்தான், முந்நூறு பேர் கேட்டிருக்கிறோம்.

அதை விடுங்கள். முதல் சொல் செங்கமலம் இல்லை. 'காவேரி' என்று இருந்தது. செங்கமலம் என்று வர வேண்டிய தாளத்துக்குள் அடங்குகிற மாதிரி அந்தப் பெயரை இழுத்து, இழுத்து, அண்ணனுக்கே உரிய இழுவையில் பாடியிருந்தது.  பயந்தேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

எப்போதோ அவர் வீட்டில் பேசினதை எடுத்து எவனோ ஒட்டி விளையாடியிருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இருந்தாலும் மறைப்பது பாவம் என்று தோன்றி இரண்டு பேரையும் வரச்சொன்னேன். வந்தார்கள், ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணன் முதல் அடியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். பெயர் வந்ததும் காவேரி கண்ணாடிக் கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிகிற வரை விடவில்லை.

"எங்கூட்டுக்காரரு ஒரு நாளும் என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்லீங்ணா," என்றாள். "'இந்தா'ம்பாரு. இல்லீனா பெரிய புள்ள பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. கண்ணாலம் ஆயி இருவத்திரண்டு வருசத்துல ஒருக்கா கூட இல்லீங்க."

அதோடு என் ஒட்டுவேலைக் கணக்கும் போயிற்று. அவர் சொல்லவே சொல்லாத பெயரை எங்கே இருந்து எடுத்து ஒட்டுவது?

அண்ணன் நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினார். எழுதினதைக் காவேரியிடம் நீட்டுவார் என்று பார்த்தேன், என்னிடம் நீட்டி, படி என்று சைகை செய்தார். காவேரிக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். நான்தான் அவளுக்குச் சத்தமாகப் படித்தேன்.

"ஆபரேசனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப, கடைசியா ஒருக்கா பேரு சொல்லிக் கூப்புடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மாமனாரு மச்சானெல்லாம் நின்னாங்க. வெக்கமாப் போச்சு. அதுக்குள்ள கதவச் சாத்திட்டாங்க."

 காவேரி அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அது கடைத்தெரு என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. அந்தப் பாட்டையே போனில் ஏற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இப்போதும் தினமும் கேட்கிறாளாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்கிறாளாம். பெயர் வருகிற இடத்தில் 'சொல்லுங்க' என்று பதில் சொல்கிறாள் என்று அண்ணன் எழுதிக் காட்டினார். அதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான், நான் கெடுக்க விரும்பவில்லை. அதனால் பிறகு நான் கேட்டதை அவர்களிடம் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அவர்கள் போன பிறகு அந்த இடத்தை மட்டும் சத்தம் கூட்டித் திரும்பக் கேட்டேன். கூத்து நடந்தது மரவள்ளி பிடுங்கின காட்டில். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது, வேஷம் கட்டின கொட்டகைக்குக் கூடத் தொங்கவிட்ட சேலைதான் மறைப்பு. பெயர் வருவதற்குச் சற்று முன்னால் சில நொடிகளுக்குக் குழந்தையின் அழுகை நிற்கிறது, ஜெனரேட்டர் நிற்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி இரட்டைக் கதவு ஒன்று சாத்திக்கொண்டு, ஆடி, ஆடி அடங்குகிறது. அதற்குப் பிறகுதான் 'காவேரி' வருகிறது, காதோடு சொன்ன மாதிரி அத்தனை கிட்டத்தில். மூடின அந்தக் கதவுக்கு உள்பக்கம், அவர் வாய்க்குப் பக்கத்தில் ரெக்கார்டர் இருந்தால்தான் அப்படிப் பதியும். கூத்தன்று விடிய விடிய அந்த ரெக்கார்டரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.