தொப்பிக்காரர்

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், பாதியை மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே தங்கை, நான் அவளுக்கு ராத்தா, மூத்தவள். உம்மா எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வளவில் வீடு தந்தார். நடுவில் இடுப்பளவு மதில். தங்கையின் கணவர், எனக்கு மச்சான், கப்பலில் சமையல் வேலை செய்தவர். பிள்ளைகள் இல்லை. கப்பலை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது தேசிக்காய் அளவில் ஒரு கள்ளிக் கன்று கொண்டுவந்தார். உலகத்தின் மறுபக்கத்தில் ஏதோ ஒரு தீவு. அந்தத் தீவின் பாறைகளில் மட்டும்தான் அந்தச் சாதி முளைக்குமாம். இப்போது அங்கேயும் ஆடு தின்று, கட்டடம் எழும்பி, மிச்சம் கொஞ்சம்தானாம். அங்குள்ள ஒரு பெண் விதை போட்டு வளர்த்ததை, இவர் காய்ச்சிக் கொடுத்த மீனாணத்தின் ருசியில் மயங்கிக் கொடுத்தாள் என்பார் மச்சான். தங்கை அதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடல்மணலும் உடைந்த ஓட்டுத் துண்டும் கலந்து ஒரு மண்சாடியில் அதை நட்டார். கிழமைக்கு ஒரு சின்னப் பேணி தண்ணீர், அதுவும் மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான். மாரி மழைக்கு மேலே ஒரு தகரம். பல வருடம் வெறும் முள்ளுப் பந்தாகக் கிடந்தது. பிறகு உச்சியில் பஞ்சு மாதிரி ஏதோ சிவப்பாகக் கிளம்பி, வரவர எங்கள் வாப்பா கல்யாணப் படத்தில் போட்டிருக்கும் துருக்கித் தொப்பி போல உயர்ந்தது.

"இஞ்ச பாருங்க மச்சி, இவர் மாப்பிள்ளையாகிட்டார்" என்று மச்சான் என்னை மதிலடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அது தொப்பிக்காரர்.

மச்சான் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். தங்கை இத்தா இருந்தாள், புருஷனை இழந்தவள் இருக்கும் துக்கக் காலம். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேதான், வாசலுக்கும் வரமாட்டாள். முதல் கிழமையே யன்னலால் என்னைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, தொப்பிக்காரர நீங்க கொண்டுபோய்ப் பாருங்க. அமானிதம், நம்பித்தான் தாறன். தண்ணிய அள்ளி ஊத்திப்போடாதீங்க."

"எனக்குத் தெரியாதாகா? எத்தன மரம் வளத்த நான்!"

"நீங்க வளத்ததெல்லாம் கீரையும் மிளகாயும். இது வேற."

என் வளவில் நல்ல வெயில் விழுவது கிணற்றடியில்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவி நான் வுழு செய்யும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐந்து நேரமும் தண்ணீர் தெறித்துச் சாடியில் விழுந்தது. விழுவது எனக்குத் தெரியும். வுழுவின் தண்ணீர்தானே, பரக்கத்து, நல்லதுதான் செய்யும் என்று நினைத்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிழமைக்கு ஒரு பேணி என்பது மச்சானின் கஞ்சத்தனம் என்று எனக்கு முதலிருந்தே ஓர் எண்ணம். அதனால் வேண்டுமென்றே சாடிப் பக்கம் சரிந்து கை கழுவிய நாட்களும் உண்டு.

"தொப்பிக்காரர் எப்படி?" என்று தங்கை தினமும் யன்னலால் கேட்பாள்.

"நல்லா இரிக்காரு."

இரண்டு மாதம் அது உண்மையாக இருந்தது.

ஒரு மத்தியானம் ளுஹர் நேரம் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நிமிர்த்தப் போனேன். அடிப்பக்கம் அவித்த வற்றாளங்கிழங்கு மாதிரி விரலுக்குள் அமுங்கியது. நீர் வடிந்து வாடை அடித்தது. தொப்பி மட்டும் நேற்றுப் போலவே சிவப்பாக இருந்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு யன்னலடிக்குப் போனேன். கேட்டாள். "நல்லா இரிக்காரு" என்றேன். தொழுதுவிட்டு வந்த வாய்.

தொப்பிக்குள்ளிருந்து சின்ன மிளகாய் போல ரோசா நிறப் பழங்கள் எட்டிப் பார்க்கும். மூன்றைப் பிடுங்கி நசித்தேன். உள்ளே கசகசா அளவில் கறுப்பு விதைகள். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் மணல் போட்டுத் தூவினேன். அழுகிய மிச்சத்தை வேலியோரம் புதைத்தேன். கொஞ்ச நாளில் பச்சைப் புள்ளிகள் முளைத்தன. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு நாள், "தொப்பி இன்னும் வளந்திரிக்கி" என்று கூட்டியும் சொன்னேன். தங்கை சிரித்தாள். மச்சான் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இத்தா முடிந்த காலை, குளித்து உடுத்து நேரே என் வளவுக்கு வந்தாள். நான் டப்பாவோடு நின்றேன்.

"அவர் எங்க?"

"அழுகிட்டாருகா. நான்தான் தண்ணி விட்ட. இது அவர்ர விதை."

"எப்ப?"

"ரெண்டு மாசமாகுது."

டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தண்ணி விட்டத்த விடுங்க ராத்தா. ஆஸ்பத்திரி விறாந்தையில நிண்டு போன்ல எனக்கு என்ன சொன்ன நீங்க? மச்சான் நல்லா இரிக்காரு, நீ சோத்தத் தின்னுட்டுப் பின்னேரம் வா எண்டு. நானும் தின்னுட்டு வந்த. வரக்குள்ள முகத்த மூடிட்டாங்க."

மச்சானுக்குக் கடுமை என்று தெரிந்தும், அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் அன்றும் அப்படிச் சொன்னேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிவந்தேன். அழும் ஆளுக்கு முன்னால் நிற்க எனக்குப் பயம். அதுதான் உண்மை.

டப்பாவை அவள் வாங்கவில்லை. "நீங்களே வெச்சிரிங்க. நான் கேப்பன். உள்ளத உள்ளபடி சொல்லணும்."

அன்று பதினாலு கன்று இருந்தது. சில நாள் கழித்து நானே மதிலடிக்குப் போய், "ரெண்டு செத்துட்டுகா" என்றேன். "சரி" என்றாள், அவ்வளவுதான். பிறகு இன்னும் மூன்று போனது, அதையும் சொன்னேன். இப்போது ஒன்பது, மிளகு அளவில். தொப்பி வைக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் இருக்கமாட்டோம் என்றும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

இந்த எழுத்தை முதலில் அவளுக்குத்தான் கொடுக்கப் போகிறேன். தங்கச்சி, எனக்குத் தோதாக எங்கேயாவது எழுதியிருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து நான் போன் எடுத்தது எத்தனை மணிக்கு என்று நான் எழுதவில்லை, அது உனக்குத்தான் சரியாகத் தெரியும்; நீ அவரை உயிரோடு காண நேரம் இருந்ததா என்பது அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்து, பிழையானதை வெட்டிவிட்டு, அந்த நேரத்தையும் நீயே எழுதிவிடு.