மச்சினன் தரவேண்டிய நானூறு

என் மனைவியின் தம்பி எனக்கு நானூறு கடன்பட்டிருந்தான். தொலைபேசி இலாகா நேர்முகத்துக்குப் போகச் சட்டையும் ஷூவும் வாங்க நான் கொடுத்த பணம். நான் படித்தது நாலாம் வகுப்பு. தொலைபேசிக் கேபிளுக்குத் தெருவில் பள்ளம் வெட்டி, பிறகு ஐம்பது பேரை வைத்து வெட்டவைத்தவன். எவனிடமும் கை நீட்டியதில்லை.

அவனுக்கு மின்விசிறிக்குக் கீழே வேலை. இங்கிருந்து வெளிநாட்டுக்கு எத்தனை நிமிடம் பேசினார்கள், அங்கிருந்து இங்கே எத்தனை என்று கூட்டிக் கழித்து, எந்த நாடு எந்த நாட்டுக்குப் பணம் தரவேண்டும் என்று சொல்வது. ஒருமுறை பக்கத்து நாட்டின் கணக்கு நம்முடையதோடு ஒத்துவரவில்லை. இவன் ஒரு வாரம் இயந்திர அறையிலேயே கிடந்தான். அங்கிருந்து வரும் அழைப்புகளில், நம் இயந்திரம் மணி அடிக்கும் நேரத்தையும் பேச்சோடு சேர்த்து எண்ணுகிறது என்று கண்டுபிடித்தான். வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டியதுதானே? ‘தப்பு எங்களுடையது, அதிகம் வாங்கிவிட்டோம்’ என்று கடிதம் போட்டுவிட்டான். மேலதிகாரி குதித்தார். ஆள் தொலைந்தான் என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

தொலையவில்லை. நாடுகளுக்குள் தகராறு வந்தால் அவனையே நடுவில் உட்காரவைக்கச் சொன்னார்கள் வெளிநாட்டுக்காரர்கள். கடைசியில் எல்லா நாடுகளும் கூடுகிற சபையில் தலைமை நாற்காலி! எனக்கு வயிறு எரிந்தது. நான் வெட்டிய பள்ளத்தில் போன கம்பியில்தானே அத்தனை பேரும் பேசினார்கள்? என்னை யார் கூப்பிட்டார்கள்?

ஒன்றுதான் என் பிடியில் இருந்தது. வரும்போதெல்லாம் அவன் பணத்தை எடுப்பான். “இருக்கட்டும் மாப்ளே” என்று தள்ளிவிடுவேன். வாங்கிவிட்டால் அவனை ஆளாக்கியது நான்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அவன் ஓய்வுபெற்று வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். நான் ஆரம்பித்தேன். “அன்னிக்கு நான் ஆயிரம் கொடுக்கலேன்னா...”

“போன தடவை எழுநூறுன்னீங்களே!” என்றாள் மனைவி.

“நானூறு, அத்தான்” என்றான் அவன். “மிச்சமெல்லாம் மணி அடிச்ச நேரம்.”

கூடமே சிரித்தது. எனக்கும் அடக்கமுடியவில்லை.

“ஊர்க் கணக்கெல்லாம் தீர்த்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. வாங்கிக்கோங்க அத்தான்.”

“என்னங்க, கையை நீட்டுங்க” என்றாள் அவள்.

நீட்டினேன். நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு என்று சத்தமாக எண்ணி, ஒவ்வொரு தாளாக என் உள்ளங்கையில் வைத்தான்.