ஆடி மாசத்து டயட்

கண்டெய்னர் தூக்கும் கிரேனில் ஏற எனக்கு வருஷா வருஷம் டாக்டர் கையெழுத்து வேண்டும். போன வருஷம் டாக்டர் என் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார், பழக்கடையில் பப்பாளியை அமுக்குவது போல.

"வெயிட்டைக் குறைங்க. ரெண்டு மாசம் டைம். குறையலன்னா கையெழுத்து கிடையாது."

கையெழுத்து இல்லையென்றால் கீழே நின்று கொக்கி மாட்டும் வேலைதான். சம்பளமும் கீழே இறங்கிவிடும். அவருக்கு என்னைவிடப் பெரிய வயிறு. அதற்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது.

சாப்பிட வேண்டியதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார். ஓட்ஸ், பாதாம், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி. என் மனைவி அதை அடுப்படியில் நின்றே படித்தாள்.

"இன்னாய்யா இது? இதெல்லாம் வாங்கினா வாடகைய யாரு குடுப்பா? ஒன் டாக்டரா?"

கடைசி வரியில் மட்டும் அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகு சாப்பிடலாம் என்று இருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கேவுரா? அடுத்த வாரம் ஆடி பொறக்குது. தெருவுக்குத் தெரு ஆத்தா கோயில்ல கூழு ஊத்துவான். சொம்ப எடுத்துக்கினு போ. காசே வாணாம்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. டாக்டர் சொன்ன சாப்பாடு, அதுவும் ஓசியில். ஷிப்ட் முடிந்து திரும்பும்போது ராயபுரத்தில் ஒரு சொம்பு, தண்டையார்பேட்டையில் ஒரு சொம்பு. ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு தெரு சேர்த்து. தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. வீட்டில் சோற்றைத் தொடவில்லை. இப்படி ஒழுங்காக டயட் இருப்பவன் வடசென்னையில் நான் ஒருத்தன்தான் என்று திமிராகக்கூட இருந்தது.

எடை பார்க்க, ஆடி பிறக்கும் முன் போனது போலவே, காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் நண்பனிடம் போனேன். மீன் கூடை வைக்கும் தராசில் என்னை ஏறச் சொன்னான். முள்ளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமு, போன தபாவுக்கு மூணு கிலோ ஏறிகீற. வஞ்சிரமா இருந்தா நல்ல ரேட்டு போயிருப்ப."

"நான் சோறே துன்றதில்லடா. வெறும் கூழுதான்."

"கூழுல நொய்யி இன்னா, ஆகாசத்துலர்ந்தா வருது? அரிசிதானடா அது! சோத்தக் கரைச்சி சொம்பு சொம்பா குடிச்சிட்டு டயட்டாம் டயட்டு."

தராசிலிருந்து இறங்கவே அசிங்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து குடிக்கும் கூழ். அதில் நொய் இருப்பது எனக்குத் தெரியாதா? இலவசம் என்றதும் புத்தி மழுங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு எங்கள் தெருக் கோயிலில் கூழ். அண்டாவிடம் நின்றிருந்த எதிர்வீட்டு அக்கா என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"சொம்பு எங்கடா?"

"வாணாங்க்கா. கிரேன் போயிடும்."

"ஆத்தா கூழ வாணாங்குறியா? கோச்சிக்குவாடா."

"கோச்சிக்கட்டும். கையெழுத்து அவளா போடப் போறா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அக்கா திட்டிக்கொண்டே என் உள்ளங்கையில் ஒரு கரண்டி ஊற்றினாள். அதை நக்கிவிட்டுப் போய்விட்டேன்.

மிச்சமிருந்த நாளெல்லாம் காலையில் மோர், மத்தியானம் அவித்த நெத்திலி, ராத்திரி தண்ணீர். பசியில் யாரைப் பார்த்தாலும் அடிக்கலாம் போலிருந்தது. மனைவி பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சோறு போட்டுத் தட்டுகளைக் கழுவிவிடுவாள், நான் பார்க்கக்கூடாது என்று.

டாக்டர் எடை மெஷினைப் பார்த்தார். தன் தாள் வேலை செய்துவிட்டதென்ற சந்தோஷம் அவர் முகத்தில்.

"வெரி குட். என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல சார்."

ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார். தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, நேராக எதிரே இருந்த பரோட்டா கடைக்குள் நுழைந்தேன்.