அம்புக்குறி ஒட்டிய கால்மிதிகள்

மிதிக்கிற பொருள்தானே, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் நான் கால்மிதித் தொழிலில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நம் ஊரில் வாங்குவதற்கு முன்னால் அதிகமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கப்படுவது, கல்யாணப் பெண்ணுக்கு அடுத்தபடியாகக் கால்மிதிதான் என்று. கையால் செய்த பொருளை மேஜை போட்டு விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெகுகாலம் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். நின்றுகொண்டே பார்க்கிற வேலை இனி ஆகாது என்று என் முழங்கால் தீர்ப்புச் சொன்ன பிறகு, பொன்னுசாமி அண்ணனின் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். வயதில் வளர்ந்து, சொல்வதைப் புரிந்துகொள்ள மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள் அங்கே காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் செய்யும்படியாகவும், நாலு பேர் வாங்கும்படியாகவும் ஏதாவது கைவேலை சொல்லித்தருவது என் பொறுப்பு. அவர்களில் இந்தக் கதையில் வருகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் தண்டபாணி, முப்பதைத் தாண்டிய ஆஜானுபாகு. இன்னொருத்தி ருக்மணி, நாற்பதைத் தாண்டியவள். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

போன ஆடியில் பொன்னுசாமி அண்ணன் வந்து, ஷெட்டில் பனியனுக்குப் படம் அச்சடிக்கிற பிரிண்டிங் டேபிள் போட வேண்டியிருக்கிறது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தவணையும் கொடுத்தார். மாதாமாதம் சரக்கு எடுக்கிற ஒரு வியாபாரியைப் பொங்கலுக்குள் பிடித்துக் காட்டினால், டேபிளை வேறு எங்காவது போட்டுக்கொள்வாராம். நன்கொடை கொடுப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், வியாபாரிதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஷெட் போனால் எனக்கு நஷ்டமில்லை, முழங்காலுக்கு ஓய்வு. ஆனால் தண்டபாணி மறுபடியும் வீட்டில் டிவி முன்னால் போய் உட்காருவான். இங்கே வருவதற்கு முன்னால் வருடக்கணக்காக அவன் அப்படித்தான் இருந்தான் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறார்.

மெழுகுவத்தி

கால்மிதிக்கு முன்னால், அண்ணன் தவணை சொல்வதற்கும் முன்னால், மெழுகுவத்தி செய்தோம். அச்சில் ஊற்ற வேண்டியது, ஆறியதும் எடுக்க வேண்டியது. இதைவிடச் சுலபமான கைவேலை உலகத்தில் கிடையாது என்று யாரோ சொன்னார்கள். நன்றாகவே வந்தது. அதை எங்கே விற்கலாம் என்று யோசித்து, அவிநாசித் தேருக்குக் கடை போட்டேன். சித்திரை வெயிலில், சிவன் கோயில் தேருக்கு, மெழுகுவத்தி. இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது, இதில் தண்டபாணிக்கோ ருக்மணிக்கோ பங்கில்லை.

பதினொரு மணிக்கே மெழுகுவத்திகள் எல்லாம் தலை குனிந்துவிட்டன. மத்தியானம் ஆனதும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. கூட்டத்திலிருந்து ஒதுங்கி வந்த ஒரு பெரியவர் ஒன்றைக் கையில் எடுத்து, வளைந்து போன இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏனுங்க, இதைப் பத்த வெச்சா எந்தப் பக்கமுங்க எரியும்?"

இரண்டு ஷிப்ட்

கால்மிதிக்கு வந்தோம். பனியன் துணியைக் கட்டிங் செய்யும்போது விழுகிற கழிவு, பொன்னுசாமி அண்ணன் கம்பெனியிலேயே மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அதை நாடாவாகக் கிழித்து ஒரு இழுப்பு இழுத்தால், இரண்டு ஓரமும் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மூன்று கயிற்றைச் சேர்த்துப் பின்ன வேண்டும், பின்னியதை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

தண்டபாணிக்குப் பின்னல் சீக்கிரம் வந்துவிட்டது. வட்டம்தான் வரவில்லை. அவன் சுற்றினால் ஒரு நாள் முட்டை மாதிரி வரும், ஒரு நாள் பப்பாளி மாதிரி வரும். நானோ இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே காலம் தள்ளியவள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, வட்டம் வராததை எல்லாம் பிரித்துப் போடுவேன். காலையில் தண்டபாணி வந்து பார்த்து, துளிக்கூட வருத்தமில்லாமல் மறுபடியும் முதலிலிருந்து சுற்றுவான். ஒரு வாரம் இதையே பார்த்துக்கொண்டிருந்த பொன்னுசாமி அண்ணன் ஒரு நாள் ஷெட் வாசலில் வந்து நின்றார். "அக்கா, பகல்ல அவன் சுத்தறான், சாயங்காலம் நீங்க பிரிக்கறீங்க. ரெண்டு ஷிப்டும் நல்லா ஓடுதுங்க. புரொடக்‌ஷனத்தான் காணோமுங்க."

அழுக்குத் தெரியாத கலர்

பிரிப்பதை நிறுத்தினேன். முட்டையோ பப்பாளியோ, வாசலில் கிடந்தால் கால்மிதிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த தொல்லை கலர். வெளிநாட்டுக்காரன் அந்த சீசனில் எந்தக் கலரில் டி-சர்ட் போட ஆசைப்படுகிறானோ, அந்தக் கலர் கழிவுதான் எங்களுக்கு வரும். அந்த மழைக்காலம் முழுவதும் ரோட்டில் வேலை செய்கிறவர்கள் சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்வார்களே, அந்தக் கண்ணைப் பறிக்கும் பச்சை வந்தது. எங்கள் ஷெட்டுக்குள் லைட் போடாமலே வேலை நடந்தது.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு அபார்ட்மெண்டில் கடை போட இடம் கொடுத்தார்கள். ருக்மணியையும் கூட்டிப் போயிருந்தேன். ஒரு அம்மா வந்து எல்லாக் கால்மிதிகளையும் புரட்டினார், தையலை இழுத்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, இத்தனை வெளிச்சமாக வேண்டாம், அழுக்குத் தெரியாத கலராக ஏதாவது இருக்கிறதா என்றார். அடுத்த வாரம் மெரூன் வந்துவிடும் என்று புளுகலாமா என நான் யோசிப்பதற்குள் ருக்மணி பதில் சொல்லிவிட்டாள். "காலைக் கழுவீட்டு வாங்க. எந்தக் கலர்லயும் தெரியாது."

நன்கொடை

அந்த அம்மா வாங்கவில்லை. கார்த்திகை பிறந்தது, வியாபாரி எவரும் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பெரிய காரில் நாலு பெண்கள் வந்தார்கள். வீட்டில் ஏதோ விசேஷமாம், அதையொட்டி எங்களுக்கு உதவ ஆசையாம். எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டார்கள், ஒரு பண்டல் கால்மிதிக்குப் பணமும் கொடுத்தார்கள். பண்டலை எடுத்துக் கொடுத்ததும், இது இங்கேயே இருக்கட்டும், மறுபடி விற்றுக்கொள்ளுங்கள், நாங்கள் நன்கொடையாக நினைத்துக்கொள்கிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு பொருளை உயிரைக் கொடுத்துச் செய்து, காசும் வாங்கி, அந்தப் பொருள் மட்டும் போகாமல் அங்கேயே கிடப்பதைப் பார்த்தால் தெரியும்.

தண்டபாணிக்கு இந்த நுணுக்கம் எல்லாம் எட்டவில்லை. மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பண்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடினான். கேட்டுக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் கார் மெதுவாகப் போகும், அங்கே பிடித்துவிட்டான். ஜன்னல் வழியாகப் பண்டலை உள்ளே தள்ளினான். சரி, காரிலேயே போட்டுக்கொள்கிறோம் என்று ஒரு அம்மா சமாளிக்கப் பார்த்தார். தண்டபாணி ஜன்னலை விட்டுக் கையை எடுக்கவில்லை. "கார்ல வேண்டாமுங்க. ஊட்டு வாசல்ல போடுங்க."

ஸ்டிக்கர்

மார்கழியில் ஒருவழியாகக் காதர்பேட்டை ஹனீபா பாய் வலையில் விழுந்தார். பனியன், ஜட்டி மொத்த வியாபாரி. வடக்கேயிருந்து வருகிறவர்கள் கால்மிதியும் கேட்கிறார்கள், ஒரு பண்டல் சாம்பிள் அனுப்புங்கள், சரக்கு சுத்தமாக இருந்தால் பார்க்கலாம் என்றார். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த செக்கிங் சூப்பர்வைசர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பனியன் கம்பெனியில் பீஸில் எங்கே ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதோ, அங்கே சிவப்பாக ஒரு குட்டி அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு ஒட்டின பீஸ் பண்டலில் சேராது, சரி செய்யப் போய்விடும். அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று என் பையில் மிச்சம் இருந்தது. அதைத் தண்டபாணியிடம் கொடுத்து, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லித்தந்ததையே அவனுக்கும் சொன்னேன்: பார்த்துக்கொண்டே வா, கண் எங்கே நிற்கிறதோ அங்கே ஒட்டு.

பாய் அசந்துபோக வேண்டும் என்று என் கையால் ஒரு கால்மிதியும் செய்தேன். டேப் வைத்து அளந்து சுற்றியது, வட்டம் என்றால் அப்படியொரு வட்டம். அதைப் பண்டலில் மேலாக வைக்கும்படி ருக்மணியிடம் சொன்னேன். சரக்கு கிளம்புகிற அன்று பார்த்து முழங்கால் மடங்க மறுத்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அம்பு ஒட்டியதை ஒதுக்கிவிட்டு மீதியைக் கட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது ருக்மணி ஓடி வந்து புகார் சொன்னாள். அன்றைக்கு அவள் தலையில் புதுக் கனகாம்பரம். தண்டபாணி விளையாடுகிறான், போகப் போகச் சரியாகிவிடுவான் என்று நினைத்து நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன். அவள் சொன்ன புகார் இதுதான்: "அக்கா, இவன் எம் பூ மேல ஸ்டிக்கர் ஒட்டிப்போட்டானுங்க."

காதர்பேட்டை

மறுநாள் பாய் போன் செய்து உடனே வரச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. தண்டபாணி நானும் வருவேன் என்று முதலில் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டான். கடையில் எங்கள் கால்மிதிகள் தரையில் வரிசையாக விரித்துக் கிடந்தன. விரித்துக் கிடந்த எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு. சிலவற்றில் இரண்டு, மூன்று. அவர்கள் சுற்றியதில் அம்பு ஒட்டாதது மீதி இருந்தால்தானே பிரித்து ஒதுக்குவார்கள், ருக்மணி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். ஆயுசு முழுவதும் செக்கிங்கில் இருந்தவள் அனுப்பிய முதல் சரக்கு, டேமேஜ் ஸ்டிக்கரோடு கடைக்கு வந்திருக்கிறது. பொங்கல் கிட்டே வந்துவிட்டது. ஷெட் போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டேன்.

பாய் கோபப்படவில்லை. கடையாட்களை விட்டு டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னாராம், அம்பு காட்டுகிற இடத்தில் ஒரு குறையும் அகப்படவில்லையாம். சரக்கை விற்கிறவரே டேமேஜ் என்று ஒட்டி அனுப்பி, அந்த டேமேஜையும் காணோம் என்றால் என்ன செய்வது என்று கேட்டார். ஒட்டியவன் இவன்தான் என்று தண்டபாணியைக் காட்டினேன். பாய் ஒரு கால்மிதியைக் கையில் கொடுத்து, இங்கே என்னப்பா டேமேஜ் என்றார். தண்டபாணி அம்பு இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். பின்னல் அங்கே நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது.

"டேமேஜ் இல்லீங்க. இங்க நல்லா வந்திருக்குதுங்க."

கண் எங்கே நிற்கிறதோ அங்கே ஒட்டச் சொன்னது நான்தான். அவன் கண் நல்ல இடத்தில் நின்றிருக்கிறது. என் வாழ்நாளில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்களில் ஒன்றுகூட நல்லதைக் காட்டியதில்லை என்பது அந்தக் கடையில் நிற்கும்போதுதான் உறைத்தது. பாய் அம்பு இருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பனியன் எடுக்க வந்து உட்கார்ந்திருந்த நாக்பூர் வியாபாரியிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவரும் எழுந்து வந்து அம்பைப் பார்த்துப் பார்த்துத் தடவினார், அரைப் பண்டல் எனக்கு என்றார். பாய் என் பக்கம் திரும்பி, மாதாமாதம் அனுப்புங்கள், ஸ்டிக்கரைப் பிரிக்காமல் அனுப்புங்கள், இல்லையென்றால் சரக்கு திரும்பி வரும் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். வியாபாரி ஆயிற்றே, பண்டலில் மேலாக இருந்ததென்று மேஜையில் தனியாக வைத்திருந்த ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். நல்ல வட்டம், நேரான தையல், அம்பு மட்டும் எங்கேயும் இல்லை. இதில் ஏன் ஒட்டவில்லை என்று தண்டபாணியைக் கேட்டார். தண்டபாணி அதையும் ஒரு முறை நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அது அக்கா பண்ணுனதுங்க."

பார்ட்டி

பொங்கலுக்கு முன்னாலேயே பாயை ஷெட்டுக்குக் கூட்டி வந்து பொன்னுசாமி அண்ணனுக்குக் காட்டினேன். இரண்டு பேரும் டீ குடித்தார்கள், நூல் விலையைப் பற்றிப் புலம்பினார்கள். பிரிண்டிங் டேபிள் இப்போது கம்பெனியின் மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் தண்டபாணியின் அம்மா வந்து, ஷெட் நிற்கிறதா என்று என்னிடம் கேட்காமல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மகன் சுற்றிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த பண்டல் கட்டும்போது பொன்னுசாமி அண்ணன் வந்து, ஒவ்வொரு கால்மிதியிலும் இருந்த அம்பைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தார். பிறகு தன் கம்பெனி இருக்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எங்களுக்கு ஒரு ஸ்டிக்கர் விழுந்தாலே பார்ட்டி சரக்கத் திருப்பி அனுப்பறான். ஸ்டிக்கர் இல்லாட்டித் திருப்பி அனுப்பறேன்னு சொல்ற பார்ட்டிய எங்கீங்க புடிச்சீங்க?"

இத்தனை காலம் ஊரார் தைத்ததற்கெல்லாம் குறை கண்ட நான், இப்போது தண்டபாணியிடம் ஒரே ஒரு ஸ்டிக்கர் வாங்கிவிட வேண்டும் என்று தினமும் கால்மிதி சுற்றிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாஸ் ஆகவில்லை.