வண்டிக்கு அடியில் வெளிச்சம்

பக்தாதின் இரண்டடுக்குச் சிவப்பு பஸ்ஸை ஓட்டிய காலத்தில், அதைக் கிளப்பும் முன் ஒருமுறை குனிந்து அடியைப் பார்த்துவிடுவது சபீஹின் வழக்கம். நாய் படுத்திருக்கும். எண்ணெய் சொட்டியிருக்கும். சில நாள் யாராவது தலைக்குச் செருப்பை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். காழிமிய்யா வழித்தடத்தில் ஓய்வு பெறும்வரை அவர் இதை விட்டதில்லை. தன் சக்கரத்தில் ஓர் உயிரும் போகவில்லை என்பதைத் தவிர, பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவரிடம் வேறொன்றும் இல்லை.

மகள் ஹதீல் நடை பழகும் முன்பே மனைவி இறந்துவிட்டாள். அவர் மறுமணம் செய்யவில்லை. ஆண்பிள்ளை இல்லாத ஆளை அங்கே, இனிமேல் வரப்போகும் மகனின் தகப்பன் என்ற பொருளில் 'அபூ காயிப்' என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டால் சபீஹ் திரும்பிப் பார்க்கமாட்டார். "எனக்குப் பொண்ணு இருக்கா. அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்பார். ஸயூனா பகுதியில் அவர்கள் தெரு முழுவதும் அவரை அபூ ஹதீல் என்றே அழைக்கப் பழகிக்கொண்டது.

ஹதீல் சட்டம் படித்து, நீதிமன்றத்தில் விசாரணை அதிகாரியானாள். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் இரும்புக் கதவுக்குக் கீழே ஓர் உறை கிடந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரு தோட்டா மட்டும் இருந்தது.

"எல்லை தாண்டி அம்மான் நகரத்துக்குப் போயிடலாம் கண்ணு" என்றார் சபீஹ்.

"போய்? இந்த வயசுல நீங்க அங்க பஸ் ஓட்டுவீங்களா? நான் ஊரான் வீட்டுல பாத்திரம் கழுவணுமா? நான் போனா என் மேசையில இருக்கிற வழக்கெல்லாம் குப்பைக்குப் போகும் பாபா. அவனுங்களுக்கு அதுதான் வேணும்."

அந்த வருடம் வண்டிகளின் அடியில் குண்டு ஒட்டினார்கள். காந்தம் பதித்த, கையடக்கமான தகரப்பெட்டி. நடந்து போகிறவன் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தால் போதும். ஹதீல் தன் காரில் ஒரு டார்ச்சும் நீளக் கம்பியில் பொருத்திய வட்டக் கண்ணாடியும் வைத்திருந்தாள். எங்கே வண்டியை நிறுத்தினாலும், திரும்பி வந்து ஏறும் முன் கண்ணாடியை அடியில் விட்டுப் பார்ப்பாள். கடைத்தெருவில் ஆண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "தங்கச்சி, காதணி விழுந்துடுச்சா?" என்று ஒருவன் கேட்டதை வீட்டில் வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் காது சிவந்திருந்தது.

வீட்டுக் கார் ஷெட்டில் பார்க்கும் பொறுப்பை சபீஹ் எடுத்துக்கொண்டார். தெருவுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவுதான். ஏறிக் குதிப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. தகரக் கூரையில் ஒரேயொரு மஞ்சள் பல்பு தொங்கியது. வண்டியின் தலை மினுங்கியது, அடியில் கன்னங்கரேல் என்று இருந்தது. மேலே இன்னும் பெரிய பல்பாகப் போட்டுப் பார்த்தார். நிழல் இன்னும் கறுத்ததுதான் மிச்சம். டார்ச் வெளிச்சமோ ஓர் இடத்தைக் காட்டி மற்ற இடத்தை மறைத்தது. கம்பியும் குழாயும் பெட்டியும் எல்லாம் குண்டு மாதிரியே தெரிந்தன. ஒருநாள் எதையோ பார்த்துவிட்டுக் கத்தி, மகளை வீட்டின் பின்பக்கம் ஓடவைத்தார். அது சேறு உருண்டை.

அதன்பிறகுதான் வேலையில் இறங்கினார். தரையில் ஊறியிருந்த எண்ணெயைச் சலவைச் சோடாவைப் போட்டுத் தேய்த்து எடுத்தார். சிமெண்டின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். இரண்டு பக்கச் சுவர்களிலும், தரைக்கு ஒரு சாண் மேலே, வண்டியின் நீளத்துக்கு டியூப் லைட்டுகளைப் படுக்கவைத்து மாட்டினார்.

மின்வெட்டு நேரத்தில் தெருவுக்கே மின்சாரம் விற்கும் ஜெனரேட்டரை நடத்தும் கஸ்வான் கம்பி இழுத்துக் கொடுக்க வந்தவன், இடுப்பில் கைவைத்து நின்றான். "அபூ ஹதீல், ஊர்ல எல்லாரும் லைட்டை மேலதான் மாட்டுவாங்க. நீங்க கணுக்கால்ல மாட்டுறீங்க. எறும்பு பரீட்சைக்குப் படிக்கப்போகுதா?"

"நீ கம்பியைப் பிடி."

"மூணு ஆம்பியர் லைன் இது. இத்தனையும் போட்டா என் பியூஸ் போகும். சொல்லிட்டேன்."

"லைட் எரியற நேரம் ஃபிரிட்ஜை நிறுத்திடுறேன். தயிர் புளிச்சா புளிக்கட்டும்."

சுவிட்சைத் தட்டியதும் கஸ்வான் குனிந்து பார்த்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் அடியில் பாய்ந்து, வெள்ளைத் தரையில் பட்டு மேலேறியது. வண்டியின் வயிறு முழுவதும் திறந்து வைத்ததுபோலத் தெரிந்தது. ஒவ்வொரு மரையையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றான். "எங்க கல்யாணத்துல மணப்பொண்ணு முகத்துக்கே இவ்வளவு வெளிச்சம் இல்ல."

ஒவ்வொரு காலையும் ஃபிரிட்ஜ் நின்றதும் ஹதீலுக்கு விழிப்பு வந்துவிடும். சபீஹ் ஒரு முட்டியை ஊன்றி, கண்ணாடியைச் சக்கரத்துக்குச் சக்கரம் நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஏறு கண்ணு" என்பார். அந்தக் கண்ணாடி அவளுடையதுதான். டார்ச்சையும் அதையும் அவளது காரிலிருந்து எடுத்து வந்து ஷெட்டில் ஆணியடித்து மாட்டிக்கொண்டது அவர்தான்.

"நான்தான் பாக்குறேனே. உனக்கு இனிமே எதுக்கு இது?"

"எடுத்துக்கோங்க பாபா. நடுரோட்டுல குனியறது இத்தோட போச்சு" என்றாள் அவள். "கோர்ட்டு வாசல்ல காவலன், குண்டு கண்டுபிடிக்கிற கருவின்னு ஒரு ஆண்டெனாவை நீட்டிக்கிட்டு நிக்கறான். அது என் அத்தருக்குத்தான் திரும்புது. ஆனா உள்ள நிறுத்துற வண்டிக்கு ஆள் காவல் இருக்கு."

வீடு பார்த்தாயிற்று, கோர்ட்டுக்குக் காவல் உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள ஊரை இருவரும் மறந்தார்கள்.

கோடையில் இடதுபக்க டியூப் ஒன்று மினுக்கிவிட்டு அணைந்தது. பின்சக்கரத்தின் ஓரம் மறுபடி இருண்டது. சபீஹுக்கு அது பொறுக்கவில்லை.

"வர்ற வழியில ஒரு டியூப் வாங்கிட்டு வா கண்ணு."

"நாளைக்கு வாங்கலாமே பாபா. இன்னிக்கு விசாரணை இருக்கு."

"ஒரு பக்கம் இருட்டா இருக்கு. எனக்கு மனசு கேக்கல."

"சரி சரி, வாங்கிட்டு வரேன். மதியத்துக்கு வெண்டைக்காய் போட்டு பாமியா வைங்க. உப்பை மறந்துடாதீங்க."

கோர்ட்டு முடிந்து மின்சாமான் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினாள். கடைக்காரர் டியூபை ஒருமுறை எரியவைத்துக் காட்டி, அட்டையில் சுற்றிக் கொடுத்தார். அவள் அதைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு, குனியாமல் ஏறினாள். குனிந்திருந்தாலும் கையில் கண்ணாடி இல்லை. முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் வெடித்தது.

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து அவள் கைப்பையைக் கொடுத்தார். "கடைத்தெருவுல எதுக்குங்க நிறுத்தினாங்க?" என்று கேட்டார். சபீஹ் பதில் சொன்னார். அடுப்பில் பாமியா அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

தெருவில் துக்கப் பந்தல் போட்டார்கள். வந்தவர்களுக்குக் கசப்புக் காப்பி ஊற்றினார்கள். விளக்கு போதவில்லை, ஷெட்டில் இருப்பதைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று யாரோ கேட்டபோது, கஸ்வான் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, கஸ்வான் தன் பழைய காரைத் தள்ளாத குறையாக மெல்ல ஓட்டி வந்து கதவுக்கு வெளியே நிறுத்தினான். அவனுக்கும் உறை வந்திருந்தது. ஜெனரேட்டரில் பங்கு கேட்டவர்களுக்கு அவன் இல்லை என்று சொல்லியிருந்தான்.

"அபூ ஹதீல்" என்று தொடங்கி நிறுத்தினான். அந்தப் பெயரைச் சொன்னதே தப்போ என்று அவன் முகம் மாறியது.

"அப்படியே கூப்பிடு. உள்ள கொண்டா வண்டியை."

சபீஹ் ஃபிரிட்ஜை நிறுத்தி, சுவிட்சைத் தட்டினார். இடதுபக்கத்தில் அந்த ஓர் இடம் மட்டும் இருட்டாகவே இருந்தது. அதை அவர் மாற்றவேயில்லை. முட்டி ஊன்றி, சக்கரத்துக்குச் சக்கரம் கண்ணாடியை நகர்த்தினார். இருட்டு மூலைக்கு டார்ச்சை அடித்து நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் இல்லை.

எழுந்து, கண்ணாடியை ஆணியில் மாட்டப் போனவர் நின்றார். கஸ்வானின் காரைத் திறந்து, ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் அதையும் டார்ச்சையும் வைத்தார்.

"இது வண்டியிலயே இருக்கட்டும். ரொட்டி வாங்க நிறுத்தினாலும் குனிஞ்சு பாரு. எவன் சிரிச்சாலும் பாரு. நான் இங்க பாத்தது இந்தக் கதவு வரைக்கும்தான்."

"அப்ப உங்களுக்கு?"

"எங்கிட்ட வண்டி ஏது?"

கஸ்வான் போனபின் சபீஹ் கதவைத் தாழிட்டார். வெள்ளைத் தரையில் புதிதாக எண்ணெய் சொட்டியிருந்தது. துணியை நனைத்து அதைத் துடைத்தார். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, உள்ளே போய் ஃபிரிட்ஜைப் போட்டார்.