0.05-க்குக் கீழே உட்காரலாம்

புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி: வருகிறவர் விடையைக் கையோடு கொண்டுவந்துவிடுவார், நாம் கணக்கை மட்டும் போட்டால் போதும்.

மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எனக்கு ஓர் அறையும் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கின்றன. கல்லூரி வாசலை நான் மறியலுக்காக மட்டுமே மிதித்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஆலையை மூடும்போது நிர்வாகம் அள்ளி வீசிய எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், சங்கத்தின் சிறு பிரசுரங்களில் புள்ளியியல் படித்தேன். ஆலை போய்விட்டது, புள்ளியியல் தங்கிவிட்டது. பகலில் ஆய்வு மாணவர்களுக்குக் கணக்கு, மாலையில் தி. நகர் கடைப் பெண்களின் சங்கத்துக்கு ஆலோசனை. இந்த வருடம் அந்தப் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று: உட்கார ஸ்டூல். அதற்குச் சட்டம் இருக்கிறது. ஸ்டூல்தான் இல்லை.

இத்தொழிலில் இல்லாத பாக்கியசாலிகளுக்கு ஒரு விளக்கம். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும், வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது p மதிப்பு. அது 0.05-க்குக் கீழே போனால் முடிவு 'சிக்னிஃபிகன்ட்', அதாவது பொருட்படுத்தத் தக்கது, என்பது வழக்கம். ஏன் 0.05 என்று கேட்டால், எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். என்னைப் போல இந்த எண்ணோடு மாரடிக்கும் சக ஜீவன்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆறுதல்தான் தேவை.

பேரம்

அடையாறிலிருந்து ஒரு ஆய்வு மாணவர். மூன்று வருட உழைப்பு, p 0.06-ல் வந்து நின்றது. இதில் அவமானம் ஒன்றும் இல்லை, உள்ளதை அப்படியே எழுதுங்கள் என்றேன். ரங்கநாதன் தெருவில் பெட்ஷீட் வாங்குகிறவர் போல என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாலைந்து பேரைப் பட்டியலிலிருந்து தூக்கினால் குறையுமா என்றார். யாரைத் தூக்குவது என்றேன். யார் தடையாக இருக்கிறார்களோ அவர்களை என்றார். நான் அசையவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"0.05-க்கு முடிச்சுக் குடுங்க சார், கைடு அதுக்கு மேல ஏத்துக்க மாட்டாரு."

இடது முழங்கால்

அடுத்தவர் பக்கத்துத் தெரு மாமா, ஓய்வுபெற்ற அதிகாரி. தன் அடுக்ககத்தில் தினமும் காலையில் கூட்டாக ஸ்லோகம் சொல்லவைத்து, சொன்னவர்களையும் சொல்லாதவர்களையும் ஒப்பிட்டிருந்தார். தூக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஞாபகசக்தி, மருமகளோடு பேசும் தொனி என்று எதையும் விடவில்லை. எல்லாம் கவிழ்ந்தன. இடது முழங்கால் வலி மட்டும் 0.05-க்குக் கீழே வந்தது. இத்தனை கேள்வி கேட்டால் ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிடும், அதற்கு ஸ்லோகம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமாவுக்கு அந்த வயதில் ஒரு கண்டுபிடிப்பு கிடைத்திருக்கிறது, விடுவாரா?

"நாங்க கேட்டதே இடது முழங்காலைத்தான்னு போட்டுடுங்கோ."

தற்செயல் வீக்கம்

இனி ஸ்டூல் கதை. சங்கப் பெண்கள் பலர் வேலை செய்யும் ஒரு பல மாடிப் பட்டுக் கடையின் நிர்வாகம், சட்டத்துக்குப் பணிவதற்குமுன் சோதனை செய்து பார்க்க முடிவு செய்தது. ஒரு மாடிக்கு மட்டும் ஒரு மாதம் ஸ்டூல் கொடுத்தார்கள். அந்த மாடியில் கால் வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் மாடிக்கு ஆறேழு பெண்கள்தான், அதனால் p 0.08. டாக்டர் பட்டம் பெற்ற ஓர் ஆலோசகர், ஸ்டூலால் பயனில்லை என்பது நிரூபணமாகிவிட்டது என்று அறிக்கை கொடுத்தார். இவ்வளவு குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு 'நிரூபிக்க முடியவில்லை' என்று சொல்லலாம், 'பயனில்லை' என்று சொல்ல முடியாது என்றேன். அவர் என் படிப்பை விசாரித்தார். மறுநாள் காலை ஸ்டூல்கள் குடோனுக்குப் போயின.

இதைச் சங்கக் கூட்டத்தில் விளக்கினேன். அந்தக் கடையின் பட்டுப் பிரிவில் வேலை செய்யும் ஸ்டெல்லா, செருப்பில் நுழையாத தன் பாதத்தை முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"அப்போ இந்த காலு இன்னா, தற்செயலாவா தோழர் வீங்கிக்கினு கீது?"

தீர்மானம்

நம் ஆட்களையும் விட்டுவைப்பதற்கில்லை. 0.05 என்பது வேதவாக்கா என்று சங்கச் செயலாளர் கேட்டார். இல்லை, ஆனால் எந்த அளவு என்பதைச் சோதனைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என் பதிலின் முதல் சொல் மட்டும் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"நம்ம சங்கத்துக்கு 0.10-னு ஒரு தீர்மானம் போட்டுருவோம் தோழர், மெஜாரிட்டி இருக்கு."

வியாபாரம்

ஆலோசகரின் அதே அறிக்கையின் பின்பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: ஸ்டூல் போட்ட மாடியில் விற்பனை கொஞ்சம் குறைந்ததாம். அதற்குப் பக்கத்தில் p இல்லை. நானே கணக்குப் போட்டேன். கால் வலிக்கு வந்ததைவிடப் பல மடங்கு பெரிய p. தற்செயலாகவே வந்திருக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அறிக்கையை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். வலிக்கு ஒரு நியாயம், விற்பனைக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். அவர் சுழல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அது வியாபாரம் சார். வியாபாரத்துக்கு எதுக்கு p?"

பாஸ் மார்க்

தொழிலாளர் ஆய்வாளர் ஒருமுறை வந்துபோன பயத்தில் மறுசோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை எல்லாக் கிளைகளும், ஏராளமான பெண்கள். அளவு 0.05 என்று ஆலோசகர் வாயாலேயே முன்கூட்டிச் சொல்லவைத்தேன். p 0.03 வந்தது. ஸ்டெல்லா அன்று மேலாளர் அறை வாசலில் நின்றபடியே காத்திருந்தாள். ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இவ்வளவு பெரிய முடிவுக்கு 0.01 தான் சரியான அளவு என்றார். ரிசல்ட் வந்தபிறகு பாஸ் மார்க்கை ஏற்றும் வாத்தியாரை நான் அன்றுதான் பார்த்தேன். முன்னால் சொன்னது என்னாயிற்று என்று கேட்டேன்.

"0.05 எல்லாம் காலேஜ் லெவல் சார். நாங்க கார்ப்பரேட்."

உட்கார்ந்தார்கள்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. தி. நகரில் கால் வைக்க இடமில்லை. முகூர்த்தப் புடவைக்கு வந்தவர்கள் கவுண்டரை மொய்த்தபோது ஸ்டெல்லா சொல்லாமல் கொள்ளாமல் தரையில் உட்கார்ந்தாள். பிறகு பக்கத்துக் கவுண்டர், பிறகு அந்த மாடி, பிறகு மேல் மாடி. கோஷம் கிடையாது. வாடிக்கையாளர்கள் கவுண்டருக்கு மேலே எட்டிப் பார்த்தால் உச்சந்தலைகளும் மல்லிகைப் பூவும்தான் தெரிந்தன. ஒரு அம்மாள், கடையில் யாருமே இல்லையா என்று சத்தமாகக் கேட்டார்.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளியே இறங்கி வந்திருந்தார். ஆலோசகர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரிடம் யாரும் எந்த எண்ணையும் கேட்கவில்லை. குடோன் பக்கம் ஆள் ஓடியது. ஸ்டூலைக் கண்ணில் பார்த்தபிறகுதான் எழுந்திருப்பேன் என்று ஸ்டெல்லா சம்மணத்தை இறுக்கிக்கொண்டாள். 0.01 இன்னும் வரவில்லையே என்று நான்தான் வாய் சும்மா இராமல் முதலாளிக்கு ஞாபகப்படுத்தினேன்.

"அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். ஸ்டூல் வந்துட்டே இருக்கும்மா, மொதல்ல எழுந்திரிங்க, கூட்டம் நிக்குது."

இத்தனை வருடம் தெருவில் நின்று நான் கற்ற புள்ளியியல் இவ்வளவுதான்: முதலாளி வீட்டு p கம்ப்யூட்டரில் இறங்காது, கல்லாவுக்கு முன்னால்தான் இறங்கும்.